நாலு பேர்

அம்மாவின் விரல்கள் வெளுத்துப் போயிருப்பதைப் பார்த்து, அது ஏன் என்று முதன்முதலில் கேட்டவர் ஒரு மலாய்ப் பெண். கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில், கதிர்வீச்சு சிகிச்சைக்கு முன்னால் உடம்பை ஸ்கேன் செய்து அளவெடுக்கும் அறையில் வேலை பார்ப்பவர். 2022 ஜூன் மாதம். அந்த அறையில் ஏர்கோன் எலும்பு வரைக்கும் இறங்கும். அம்மா மேல்சட்டை இல்லாமல், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, சாய்வான ஒரு பலகையில் படுத்திருந்தார். கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் நுனியிலிருந்து இரண்டாவது கணு வரைக்கும் சுண்ணாம்பு தடவியது போல வெளுத்திருந்தன.

"மக்சிக், ஜாரி கெனாப்பா?"

"செஜுக் லா. பியாசா."

குளிருதான், எப்பவும் உள்ளதுதான். இந்தப் பதிலை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், நம்பியும் இருக்கிறேன். அந்தப் பெண் நம்பவில்லை. அம்மாவின் மார்பில் அடையாளப் புள்ளி குத்துவதற்காக எடுத்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டார். நைட் ஷிப்ட் முடித்த கண்ணோடு வெளியே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த என்னை மிஸ்ஸி வந்து தட்டி எழுப்பினார்.

டாக்டர் அம்மாவின் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ள வரவில்லை. கன்னத்தில் இருந்த சிறு சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார். சாப்பிட்ட பிறகு நெஞ்சு எரியுமா என்று கேட்டார். "அது வேற, கேஸ்டிரிக்" என்றார் அம்மா. டாக்டர் என்னைப் பார்த்து, இன்றைக்கு இதைத் தொடர வேண்டாம் என்றார்.

*

அம்மா பதினோரு வருடம் துறைமுகத்துப் பக்கம் ஓர் இறால் பேக்டரியில் வேலை செய்தவர். பண்டமாரானில் எங்கள் வரிசையில் இருந்த பாதிப் பெண்கள் அங்கேதான் போனார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு பேக்டரி வேன் வரும். ஐஸ் தண்ணீரில் கையை விட்டு இறாலைத் தரம் பிரிக்க வேண்டும். ரப்பர் கையுறைக்குள்ளும் தண்ணீர் போய்விடும். அங்கே வேலை செய்த எல்லோருக்குமே விரல் வலி உண்டு. அதனால் அம்மாவின் விரல் வெளுத்து, பிறகு நீலமாகி, பிறகு சிவந்து குத்துவதை யாரும் நோயாகப் பார்க்கவில்லை. ஐஸ் வேலை செய்தால் அப்படித்தான் என்பது எங்கள் தாமானின் மருத்துவம்.

வேலையை விட்ட பிறகும் அது நிற்கவில்லை. மழை பெய்தால் வந்தது. கோயிலில் ஈரத்தரையில் நின்றால் வந்தது. சூப்பர்மார்க்கெட்டில் உறைந்த கோழி எடுக்கும் இடத்தில் வந்தது. நான் பெர்லிஸில் மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது விரல் வீங்கி கல்யாண மோதிரம் இறுகிவிட்டது. ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு நகைக்கடையில் கொடுத்து அறுத்து எடுத்தார்கள். போனில் சொன்னபோது, "வயசாவுதுல்ல, உடம்பு போடுது" என்று சிரித்தார். ஆனால் உடம்பு போடவில்லை. விரல் மட்டும்தான் போட்டிருந்தது.

கிளினிக்கில் காட்டவில்லையா என்று பிறகு கேட்டேன். "இதுக்கெல்லாம் போய் ஒக்காந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார். கல்யாண வீடுகளில் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வார். நான் அதைப் பணிவு என்று நினைத்திருந்தேன்.

குளிரில் விரல் இப்படி நிறம் மாறுவதை 1862-லேயே பாரிஸில் மோரிஸ் ரேனோ என்ற மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயரால்தான் இன்றும் அதை அழைக்கிறார்கள். நிறைய பேருக்கு அது வெறும் தொல்லை. சிலருக்கு மட்டும் அது உள்ளே இருக்கும் வேறொன்றின் முதல் தடயம். அம்மாவுக்கு உள்ளே இருந்தது ஸ்க்லெரோடெர்மா. கிரேக்கத்தில் கடினத் தோல் என்று பொருள். உடம்பின் பாதுகாப்பு அமைப்பு தன் உடம்பையே தாக்கும் நோய்களில் ஒன்று. லூபஸ், முடக்குவாதம் எல்லாம் இதே குடும்பம். இணைப்புத் திசு நோய்கள் என்று மொத்தமாகச் சொல்வார்கள். உறுப்புகளைத் தாங்கிப் பிடித்து ஒன்றோடொன்று சேர்த்து வைத்திருப்பது இணைப்புத் திசு. அதில் முக்கியமான சரக்கு கொலாஜன். ஸ்க்லெரோடெர்மாவில் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்கிப்போகின்றன, கொலாஜன் தேவைக்கு மேல் சேருகிறது. தோல் இறுகுகிறது. உணவுக்குழாய் தளர்ந்து நெஞ்செரிகிறது. சிலருக்கு நுரையீரலும் இறுகும்.

அம்மா பத்து வருடமாக தனித்தனியாக மருந்து வாங்கிக்கொண்டிருந்த விரல் வலி, கேஸ்டிரிக், முகப் புள்ளி மூன்றும் ஒரே நோய் என்று அந்த மாதம்தான் தெரிந்தது. அதுவும் மார்பில் புற்றுநோய் வந்ததால்.

*

கட்டி சின்னது. 2022 மார்ச்சில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டார்கள். அக்குளில் பரவவில்லை. ஹார்மோன் மாத்திரை உண்டு, கீமோ தேவையில்லை. மார்பைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுத்தால் மிச்சமுள்ள இடத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பது வழக்கமான முறை. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, அந்த விரல்கள் வெளுக்கும் வரை.

டாக்டர் வரைந்து காட்டினார். கதிர் செல்லுக்குள் இருக்கும் மரபணு இழையை உடைக்கிறது. புற்றுநோய் செல்லுக்கு உடைந்ததை ஒட்டிக்கொள்ளும் திறன் குறைவு, நல்ல செல்லுக்கு அதிகம். அதனால்தான் மொத்த அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். இந்த உத்தியின் பின்னால் 1920-களில் பாரிஸில் க்ளோத் ரெகோ ஆட்டுக்கிடாக்களில் செய்த சோதனைகள் உண்டு. ஒரே தடவையில் கொடுத்தால் விதைப்பையின் தோல் வெந்துவிட்டது. பிரித்துக் கொடுத்தால் தோல் தப்பித்தது, கிடா மலடானது. புற்றுநோய் செல்லை விதைச்செல் போலவும், மனிதரின் நல்ல தோலைக் கிடாவின் தோல் போலவும் நினைத்துக்கொண்டால் கணக்குப் புரிந்துவிடும்.

இந்தக் கணக்கு முழுவதும் நல்ல திசு தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. பழுது பார்ப்பதற்கு ரத்தம் போக வேண்டும், கொலாஜன் அளவோடு உருவாக வேண்டும், வேலை முடிந்ததும் நிற்க வேண்டும். அம்மாவின் உடம்பில் சின்ன ரத்தக்குழாய்கள் ஏற்கனவே சுருங்கியிருந்தன. கொலாஜனை உருவாக்கச் சொல்லும் கட்டளை ஏற்கனவே ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. கதிர்வீச்சும் அதே கட்டளையைத்தான் தூண்டிவிடும். ஏற்கனவே எரியும் அடுப்பில் இன்னொரு கட்டை.

பக்கவிளைவு இரண்டு வகை. சிகிச்சை நடக்கும்போதோ முடிந்த சில வாரங்களிலோ வருவது: தோல் சிவப்பது, கறுப்பது, உரிவது, அசதி. இது பெரும்பாலும் ஆறிவிடும். இன்னொன்று பல மாதமோ பல வருடமோ கழித்து வருவது: மார்பு இறுகிச் சுருங்குவது, தோள் அசைவு குறைவது, நுரையீரலில் தழும்பு. இது வந்தால் பெரும்பாலும் போகாது. ஸ்க்லெரோடெர்மா உள்ளவர்களிடம் டாக்டர்கள் பயப்படுவது இந்த இரண்டாவதைத்தான்.

"நான் இப்படி மூன்று பேரைத்தான் பார்த்திருக்கிறேன்" என்றார் டாக்டர். அந்த நேர்மைக்காக அவரை எனக்குப் பிடித்தது. அந்த நேர்மைதான் என்னை இரவில் தூங்கவிடவில்லை.

எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. இன்னொரு ஆப்பரேஷன் செய்து மார்பை முழுவதுமாக எடுத்துவிட்டால் கதிர்வீச்சு தேவைப்படாது. அல்லது, தெரிந்தே கதிர்வீச்சை எடுத்துக்கொள்வது. டாக்டரின் சாய்வு முதல் வழிப் பக்கம். ஆனால் முடிவு உங்களுடையது என்றார். மூட்டு, தோல் நோய்களுக்கான இன்னொரு ஸ்பெஷலிஸ்ட் நுரையீரலைச் சோதித்துவிட்டு, நோய் இப்போதைக்கு அமைதியாக இருக்கிறது, நுரையீரல் நன்றாக இருக்கிறது, நெஞ்சுத் தோலும் இறுகவில்லை என்று எழுதிக் கொடுத்தார். யோசிக்க இரண்டு வாரம்.

*

துறைமுகத்தில் எனக்கு கிரேன் பராமரிப்பு வேலை. ஒரு கிரேனின் இரும்புக் கயிறு தூக்கவேண்டிய எடையைப் போல நாலைந்து மடங்கு தாங்கும்படிதான் வாங்குவோம். குறிப்பிட்ட நீளத்துக்குள் எத்தனை கம்பி அறுந்தால் கயிற்றைத் தூக்கிப்போட வேண்டும் என்று அட்டவணை இருக்கிறது. எண்ணினால் போதும். முடிவை யாரும் மனசுக்குள் எடுக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கும் அப்படி ஓர் அட்டவணை எங்காவது இருக்கும் என்று தேடினேன். இரண்டு வாரம், ஷிப்ட் இடைவேளையில், கிரேன் கேபினுக்குக் கீழே நின்று போனில் படித்தேன்.

1980-களிலேயே இணைப்புத் திசு நோய் உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்து மோசமாகப் போன தனித்தனிச் சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. அதைப் படித்த டாக்டர்கள் பயந்தார்கள். இந்த நோய் இருந்தால் கதிர்வீச்சே கூடாது என்ற எண்ணம் பரவியது. ஆனால் மோசமாகப் போனதைத்தான் எழுதுவார்கள். ஒன்றும் ஆகாமல் வீட்டுக்குப் போனவரைப் பற்றி யார் எழுதுவது? இந்தச் சந்தேகத்தோடு அயோவாவில் 61 நோயாளிகளை எடுத்து, நோயில்லாதவர்களோடு ஒப்பிட்டு 1993-ல் வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. 1997-ல் பாஸ்டனின் மாசச்சூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியிலிருந்து 209 பேரின் கணக்கு வந்தது. அதில்தான் விஷயம் பிரிந்தது. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு ஐந்து வருடத்தில் கடுமையான பின்விளைவு நூற்றுக்கு 6. லூபஸ், ஸ்க்லெரோடெர்மா முதலான மற்ற நோய்கள் உள்ளவர்களுக்கு நூற்றுக்கு 21.

2001-ல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கட்டுரைதான் எங்களுக்கு மிக நெருக்கமானது. மார்பைக் காப்பாற்றிக் கதிர்வீச்சு எடுத்த 36 பெண்கள். அவர்களுக்குப் பின்னாளில் வந்த சிக்கல் நூற்றுக்கு 17, ஒப்பிட்ட மற்றப் பெண்களுக்கு 3. நோய்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் ஸ்க்லெரோடெர்மாவில் மட்டும்தான் உறுதியாக நின்றது. அந்த 36 பேரில் ஸ்க்லெரோடெர்மா உள்ளவர்கள் எத்தனை பேர் என்று தேடினேன்.

நாலு பேர்.

கிரேன் கீழே நின்று நான் சிரித்தேன். வாழ்க்கை முழுக்க அம்மா பயந்தது நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றுதான். இப்போது உண்மையிலேயே நாலு பேர் சொல்வதை வைத்து அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் எங்கோ இருந்த, முகம் தெரியாத நாலு பெண்கள்.

அன்று ராத்திரி சமையல்கட்டில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சுடுதண்ணீரில்தான் கழுவுவார்.

"என்னா சொல்லுது ஒன் புஸ்தகம்?"

"ரெண்டுமே சொல்லுதும்மா."

"நீதான் படிச்சவன். நீ சொல்லு, அதுபடி செய்யலாம்."

நான் சொன்னேன்: "நூறு பேர எடுத்துக்கிட்டா எழுபத்தொம்போது பேருக்கு பெருசா ஒண்ணும் ஆகல."

இது பொய் இல்லை. 209 பேர் கணக்கின் 21-ஐ நூறிலிருந்து கழித்தால் 79. ஆனால் அந்த 21-க்குள் பல நோய்கள் கலந்திருந்தன என்பதை நான் சொல்லவில்லை. நாலு பேரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஏன் என்றும் எனக்குத் தெரியும். 2015-ல் அப்பா ஓர் ஆப்பரேஷனுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அதற்கு முந்தின இரவு, "ஒண்ணும் ஆகாது" என்று அவருடைய பையைக் கட்டிக் கொடுத்தவன் நான். இன்னொரு தடவை ஆப்பரேஷன் அறை வாசலில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. என் பயத்துக்குத் தோதான எண்ணை நான் பொறுக்கி எடுத்தேன். ஒரு கயிற்றுக்கு இப்படிச் செய்திருந்தால் என் சூப்பர்வைசர் என்னை வேலையை விட்டே தூக்கியிருப்பார்.

"அப்ப லைட்டே வச்சிக்கலாம்" என்றார் அம்மா.

*

கதிர்வீச்சை அம்மா கடைசி வரைக்கும் "லைட்டு" என்றுதான் சொன்னார். தமிழ்நாட்டில் இதைக் "கரண்டு வைக்கிறது" என்பார்கள். இரண்டுமே தவறு என்று எனக்குத் தோன்றியதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு மக்கள் தெரிந்த பெயரை வைக்கிறார்கள்.

மார்பிலும் விலாவிலும் மூன்று புள்ளி குத்தினார்கள். தினமும் இயந்திரத்தை ஒரே இடத்துக்கு நேராக்குவதற்காக. அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. "எங்க ஆயா கை நெறைய பச்சை குத்தியிருக்கும். நான் கேட்டப்ப எங்கப்பா அடிச்சாரு. இப்ப சும்மா குத்தி விட்டாங்க." எஸ்டேட்டில் பிறந்த பாட்டியின் கையில் இருந்தது கோலம். அம்மாவுக்குக் கிடைத்தது மூன்று புள்ளி.

இடது மார்பு என்பதால் இதயத்தைக் காப்பாற்ற, கதிர் வரும் நேரத்தில் மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்த வேண்டும். நெஞ்சு விரிந்தால் இதயம் கொஞ்சம் விலகும். வீட்டில் பழகினோம். ஹாலில் படுத்துக்கொண்டு அம்மா மூச்சை இழுப்பார், நான் வினாடி எண்ணுவேன். முதல் நாள் பதினொன்று. ஒரு வாரத்தில் இருபத்தைந்து. "பேக்டரியில அமோனியா லீக் ஆவும்போது இதவிட அதிகமா புடிச்சிருக்கேன்" என்றார்.

மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பதினைந்து நாள்தான். ஒவ்வொரு நாளும் அளவு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பின்னால் வரும் இறுக்கம் ஒரு நாளைக்குக் கொடுக்கும் அளவைப் பொறுத்தது என்பதால், அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் இருபத்தைந்து நாள், மொத்தம் 50 கிரே என்று டாக்டர் தீர்மானித்தார். கூடுதல் டோஸ் எதுவும் வேண்டாம் என்றார். ஐந்து வாரம். எங்களுக்குப் பிறகு ஆரம்பித்தவர்கள் எங்களுக்கு முன்னால் முடித்துவிட்டு, கடைசி நாளில் மிஸ்ஸிகளுக்குக் கேக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு அது மட்டும் கொஞ்சம் வருத்தம்.

நைட் ஷிப்ட் இருக்கும் நாளில் நான் நேராக வேலையிலிருந்து வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு பெடரல் ஹைவேயில் ஓட்டுவேன். லீவு கிடைக்காத நாளில் தெலுக் காடோங்கில் கொமுட்டர் ஏறி அம்மாவே போய்விடுவார். ரயிலின் ஏர்கோனுக்காகக் கம்பளிக் கையுறை. முப்பத்து மூன்று டிகிரி வெயிலில் கையுறை போட்டு நிற்கும் தமிழ்ப் பெண்மணியை எல்லோரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். இந்தத் தடவை அம்மா கையை மறைக்கவில்லை. யாராவது கேட்டால் நோயின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வார்: "ஸ்க்-லெ-ரோ-டெர்-மா". சில நாள் பிரிக்பீல்ட்ஸில் இறங்கித் தோசை சாப்பிட்டுவிட்டு வருவோம். அந்த ஐந்து வாரத்தில்தான் நான் என் அம்மாவோடு அதிகம் பேசியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

கதிரை அளக்க ஒழுங்கான அலகு இல்லாத ஆரம்ப காலத்தில், எவ்வளவு கொடுத்தால் தோல் சிவக்கிறதோ அதையே அளவாக வைத்திருந்தார்கள். 1928-ல்தான் ராண்ட்ஜன் என்ற அலகை உலக அளவில் ஏற்றுக்கொண்டார்கள். பிறகுதான் இன்றைய கிரே வந்தது. அதுவரைக்கும் மனிதத் தோல்தான் மீட்டர். அம்மாவின் மீட்டரை நான் தினமும் பார்த்தேன். மூன்றாவது வாரத்தில் சிவந்தது. ஐந்தாவது வாரத்தில் மார்பின் கீழ் மடிப்பில் உரிந்தது. கிரீம் பூசினோம். முடிந்த ஒரு மாதத்தில் கறுப்பாகி, அதுவும் உதிர்ந்து, புதுத் தோல் வந்தது. பக்கத்து வீட்டு மக்சிக் தோழிக்கு வந்ததைவிட அம்மாவுக்குக் குறைவு.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். எழுபத்தொன்பதில் ஒருவர் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மீட்டர் முதல் வகைப் பக்கவிளைவை மட்டும்தான் காட்டும் என்று படித்திருந்தும் மறந்துவிட்டேன். முதலில் வருவது லேசாக இருந்தால் பின்னால் வருவதும் லேசாக இருக்கும் என்று எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை.

*

2023 தீபாவளிக்கு முன்னால் மேல்தட்டிலிருந்து முறுக்கு அச்சை எடுக்க அம்மாவால் முடியவில்லை. நாற்காலி போட்டு ஏறி எடுத்தார். இடது கை காதைத் தொடும் முன்னால் நின்றுவிட்டது. மார்பு சின்னதாகி, கல்லைப் போல இறுகி, மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக என்று கேட்டேன். "நோம்புப் பெருநாள்லேர்ந்து" என்றார். ஆறு மாதம்.

ஸ்கேன் செய்தார்கள். புற்றுநோய் திரும்பவில்லை. நுரையீரலின் ஓரத்தில் மெல்லிய தழும்பு, மூச்சுக்குப் பாதிப்பில்லை. மற்றதெல்லாம் கதிர்வீச்சால் வந்த இறுக்கம். பெண்டாக்ஸிஃபைலினும் வைட்டமின் ஈயும் கொடுத்தார்கள். பிசியோவுக்கு அனுப்பினார்கள்.

நான் டாக்டரிடம் கேட்டேன்: இது ஸ்க்லெரோடெர்மாவால் வந்ததா? அந்த நோய் இல்லாத ஒருவருக்கும் இப்படி வருமா?

வரும் என்றார். குறைவாக, ஆனால் வரும். உங்கள் அம்மாவுக்கு எதனால் வந்தது என்று சொல்ல எந்தச் சோதனையும் கிடையாது.

இது எனக்குப் புரிய நாளானது. சிகிச்சைக்கு முன்னால் எண்கள் எதையும் உறுதியாகச் சொல்லாது என்பது தெரியும், நிகழ்தகவு அப்படித்தான். நடந்து முடிந்த பிறகாவது தெளிவாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அறுந்த கயிற்றைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் எதனால் அறுந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அம்மாவின் தோள் அப்படிச் சொல்லாது. நோய் இல்லாதிருந்தாலும் வந்திருக்கக்கூடிய ஒருவரா, நோயால் கூடுதலாகச் சேர்ந்தவர்களில் ஒருவரா? இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் கோடு கிடையாது. அந்த எண்கள் எல்லாம் கூட்டத்துக்குச் சொந்தம். அதற்குள் தனி ஆளாக நிற்கும் ஒருவருக்கு முன்னாலும் பதில் இல்லை, பின்னாலும் பதில் இல்லை.

அப்படியானால் நான் செய்தது தவறில்லை என்று ஆகிவிடுமா? சில நாள் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. முடிவு சரியா தவறா என்பது தெரியாமல் போகலாம். நான் மறைத்தேன் என்பது தெரியும்.

அதைவிட இன்னொன்றும் இருக்கிறது. எந்தக் கட்டுரையையும் படிப்பதற்கு முன்பே, அந்த விரல்கள் இருபது வருடம் என் கண் முன்னால்தான் வெளுத்துக்கொண்டிருந்தன. அந்தக் கையால்தான் சாப்பிட்டேன். ஒரு கிளினிக்கில் நெஞ்செரிச்சலுக்கு ஒரு கோப்பு, இன்னொன்றில் விரல் வலிக்கு ஒரு கோப்பு, ஆஸ்பத்திரியில் கட்டிக்கு ஒரு கோப்பு. ஒன்றுக்கு இன்னொன்று இருப்பது தெரியாது. அதற்காக நான் எந்த டாக்டரைத் திட்டுவது? எல்லாக் கோப்புகளும் இருந்த ஒரே வீடு எங்களுடையது. சில வருடம் முன்பே தெரிந்திருந்தால், மார்ச்சில் முதல் ஆப்பரேஷனுக்கு முன்னாலேயே இரண்டு வழியையும் வைத்து நிதானமாகப் பேசியிருக்கலாம். இரண்டாவது ஆப்பரேஷன் என்ற பயமே வந்திருக்காது.

*

போன மாதம் சொல்லிவிட்டேன். சமையல்கட்டிலேயே, அதே இடத்தில்.

"அம்மா, அன்னிக்கு எழுபத்தொம்போதுன்னு சொன்னேன்ல. இன்னொரு கணக்கும் இருந்துச்சு. ஒன்ன மாதிரியே நோய் உள்ளவங்க. அது நல்லா இல்ல. அத நான் சொல்லல."

"எத்தன பேரு?"

"நாலு பேரு."

அம்மா குழாயை மூடினார். கோபம் வரும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அவங்களுக்கு கை தூக்க முடிஞ்சுதா?"

"அதுல போடல."

"ஐஸ்ல வேல செஞ்சவங்களா?"

"அதுவும் போடல."

"அப்ப என்னாத்தத்தான் எழுதி வச்சிருக்காங்க?" என்றவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சொல்லியிருக்கலாம்டா" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தார். எப்போதும் வைப்பதுதான்.

இப்போது அம்மாவின் மணிபர்ஸில் ஓர் அட்டை இருக்கிறது. மலாயிலும் ஆங்கிலத்திலும் நானே எழுதி லேமினேட் செய்தது. என்ன நோய், எப்போது எந்த இடத்தில் எத்தனை கிரே, என்ன மாத்திரை எல்லாம் அதில் இருக்கும். எந்தக் கவுண்டரிலும் கேட்பதற்கு முன்னாலேயே அதை நீட்டச் சொல்லியிருக்கிறேன். பல் டாக்டரிடம்கூட நீட்டுகிறார்.

பிசியோவில் சொல்லிக் கொடுத்த பயிற்சி ஒன்று: சுவரைப் பார்த்து நின்று, இடது கை விரல்களால் சுவரில் மெல்ல மெல்ல ஏறுவது. எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. பிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கமாக இருக்கின்றன. சில வாரம் கீழே இறங்கியும் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் நான் கோடு போடுவேன். விரல் வெளுத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் பென்சிலை எடுக்கிறேன்.